கம்பைலர் கழித்த மூன்று வரிகள்

முத்தலிப் மாடிப்படி ஏறி வந்தபோது துஷாந்தி ஒரு வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்தது மென்பொருள். ஆனால் உட்துறைமுக வீதியில், வலை விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய கம்பனியில் யார் எதைப் படித்தவர் என்று பார்த்து வேலை கொடுப்பதில்லை. கைக்கு எட்டியவர் செய்ய வேண்டியதுதான்.

முத்தலிப் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. நேரே முதலாளி ரிஷிகேசனின் மேசைக்குப் போய், கையிலிருந்த செம்மஞ்சள் பெட்டியை வைத்தார். பெட்டியின் மூலையிலிருந்து உப்புத்தண்ணீர் வடிந்து கீபோர்ட்டுக்குள் இறங்கியது.

“இதை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிற?” என்றார். “தேங்காயாவது உடைக்கலாமா எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

“நானா, இருங்கோ. முதல்ல தேத்தண்ணி ஒண்டு குடிப்பம்” என்றார் ரிஷிகேசன். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நான் கடல்லயே காணுமெண்ட அளவு குடிச்சிட்டன்.”

முத்தலிப் குச்சவெளியிலிருந்து மீன்பிடி தொழிலுக்குப் போகிறவர். அந்தப் பெட்டி, கம்பனி செய்து மீனவர் சங்கத்துக்குக் கொடுத்த பெட்டி. படகில் பூட்டிவைத்தால், அது சிறிய வானொலி அலை வழியாக, படகு நிற்கிற இடத்தையும் மின்கலத்தின் நிலைமையையும் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து வந்தால் அதை அமத்த வேண்டும். கரையில், சங்கக் கட்டிடத்தில், ஒவ்வொரு படகுக்கும் எதிரே விளக்குகள் உள்ள ஒரு பலகை. நலமென்றால் பச்சை. பொத்தானை அமத்தினால் பச்சை அணைந்து சிவப்பு எரியும், சங்கு ஊதும். பெட்டிக்குள்ளும் பலகைக்குள்ளும் ஓடுகிற மென்பொருளை எழுதியவள் துஷாந்தி.

முந்திய நாள் காலையில் முத்தலிப்பின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நீரோட்டம் அவரை வெளிப்பக்கம் இழுத்தது. பொத்தானை அமத்தினார். ஒருவரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினார். படகின் அடியில் வெடிப்பு விழுந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. வெறுங்கையால் இறைத்துக்கொண்டு, மத்தியானம் திரும்பும்வரை, கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் கிடந்தார். நிலாவெளிப் படகொன்று தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் கட்டி இழுத்து வந்தார்கள். வந்து சேர்ந்தபோது அவருடைய உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது.

“என்னை விடுங்க. நான் வந்துட்டன்” என்றார் முத்தலிப். “சுஹைராவைத்தான் ஊரே போட்டு ஏசுது. சிவப்பைக் கண்டும் சும்மா இருந்தவளாம். அவ சொல்லுறா, சிவப்பும் எரிஞ்சது, பச்சையும் எரிஞ்சது, சங்கு ஊதேல்ல எண்டு.”

சுஹைரா சங்கத்தில் கணக்கு எழுதுகிற பெண். விளக்குப் பலகை அவளுடைய மேசைக்கு எதிரேதான் இருந்தது.

துஷாந்தி வயரைக் கீழே வைத்தாள். “ரெண்டும் ஒண்டா எரிய ஏலாது நானா. ஒண்டு எரிஞ்சா மற்றது அணையும். அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கிறது எனக்குத் தெரியாது தங்கச்சி. எரிஞ்சது. அவ இங்க கோல் எடுத்தும் கேட்டிருக்கா.”

“ஆரிட்டக் கேட்டவ?”

முத்தலிப் ரிஷிகேசனைப் பார்த்தார். ரிஷிகேசன் கீபோர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பச்சை எரியுதெண்டா பிரச்சினை இல்லை, சிவப்பு விளக்கில ஏதும் வயர் லூசா இருக்கும் எண்டனான்” என்றார். “உம்முடைய நிரல்தானே துஷாந்தி. ரெண்டும் எரியாது எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்.”

அது உண்மை. அவள் சொன்னாள்தான். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

துஷாந்தி சாம்பல்தீவுக்காரி. நகரத்தில் படித்து, கொழும்பில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிற கம்பனியில் சில வருடம் இருந்து, மகள் பிறந்த பிறகு திரும்பி வந்தவள். கணவன் சுலக்சனுக்கு இங்கே தபால் கந்தோரில் வேலை. கொழும்பில் அவள் எழுதியதை யார் பாவிக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. இங்கே பாவிக்கிறவர்கள் நனைந்த சாரத்தோடு படியேறி வந்து முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்தக் காரணத்துக்காகவே இந்த வேலையை அவள் விரும்பினாள். அன்று கொஞ்சம் குறைவாக விரும்பினாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். பொத்தானைச் சுற்றியிருந்த றப்பர் வளையம் வெடித்து, உள்ளே உப்புப் பூத்திருந்தது. பொத்தானின் நிலையைப் பெட்டி ஒரே ஒரு பைட்டாக அனுப்பும். பூச்சியம் என்றால் நலம், ஒன்று என்றால் ஆபத்து. உப்புத்தண்ணீர் வயர்களுக்கிடையில் பாலம் போட்டுவிட்டதால், பூச்சியமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் இரண்டு என்று போயிருக்கிறது. வழியில் கெட்டிருந்தால் கரையிலுள்ள பலகை அதைக் கண்டுபிடித்துத் தள்ளியிருக்கும். இது புறப்படும் முன்பே கெட்டுப்போன பைட். அதனால் ஒழுங்கான செய்தியைப் போலவே வந்து சேர்ந்தது.

“தண்ணி போயிருக்கு. அவ்வளவுதான் விசயம்” என்றார் ரிஷிகேசன், முத்தலிப் போன பிறகு. “சங்கத்துக்கு அப்பிடியே எழுதி அனுப்புவம். தண்ணி போனது, சிவப்பு எரிஞ்சது, இருந்தவ கவனிக்கேல்ல.”

“தண்ணி போகும் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. கடல்ல போற பெட்டி. தண்ணி போனா என்ன செய்யிறது எண்டுதான் மூண்டு வரி எழுதினனான். பெறுமதி பூச்சியமும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டா மஞ்சளை எரி, சங்கை ஊது. மஞ்சள் ஏன் எரியேல்ல?”

“அதை நீர்தான் சொல்லவேணும்.”

அவள் நிரலைத் திறந்தாள். மூன்று வரிகளும் அவள் எழுதிய இடத்திலேயே இருந்தன. உப்புப் பெட்டிக்குப் பதிலாகத் தன்னுடைய மேசையிலிருந்தே ‘இரண்டு’ என்று பலகைக்கு அனுப்பிப் பார்த்தாள். மஞ்சள் அழகாக எரிந்தது, சங்கு ஊதியது. கீழே வலைக்கடைக்காரர் மேலே பார்த்துக் கத்தினார். பிறகு, சங்கத்துக்குக் கொடுத்த அதே பதிப்பை ஏற்றி அதே இரண்டை அனுப்பினாள். பச்சையும் சிவப்பும் ஒன்றாக எரிந்தன. சங்கு வாய் திறக்கவில்லை.

ஒரே நிரல். வித்தியாசம் ஒன்றுதான். மேசையில் சோதிக்கும்போது, எழுதியதை எழுதியபடியே இயந்திர மொழிக்கு மாற்றச் சொல்லியிருந்தாள். கொடுக்கும்போது, சுருக்கி மாற்றச் சொல்லியிருந்தாள். அந்த மாற்றுகிற வேலையைச் செய்வதுதான் கம்பைலர். பலகைக்குள் இருக்கிற மலிவான சிப்பில் இடம் குறைவு. சுருக்காவிட்டால் நிரல் அதற்குள் அடங்காது.

இயந்திர மொழியில் வந்ததை வரி வரியாகப் பார்த்தாள். அவளுடைய மூன்று வரிகள் அங்கே இல்லை. தேய்ந்தோ உருமாறியோ கூட இல்லை. அடியோடு இல்லை.

காரணம் விளங்க அன்றைய பகல் முழுவதும் போனது. வானொலிப் பாகத்தை விற்றவர்கள் அதோடு ஒரு மாதிரி நிரலும் கொடுத்திருந்தார்கள். வந்து விழுகிற பைட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்காமல், ‘இந்த நினைவகத் துண்டை இனி இந்த வடிவமாகப் பார்’ என்று ஒரே அடியாகப் பெயர் மாற்றி வைக்கிற நிரல் அது. பொத்தானின் பைட்டுக்கு அந்த வடிவத்தில் கொடுத்திருந்த வகை, ஆம்-இல்லை வகை. அந்த வகையில் இருக்கக்கூடியது இரண்டே பெறுமதிதான்: பூச்சியம், ஒன்று. கம்பைலர் அதை நம்பியது. நம்பி, ‘பூச்சியமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றால்’ என்ற அவளுடைய கேள்வியைப் பார்த்து, இது ஒருக்காலும் நடக்காத சங்கதி என்று முடிவு கட்டி, மூன்று வரியையும் வெட்டி எறிந்துவிட்டது.

எறிந்ததோடும் நிற்கவில்லை. ஆபத்து ‘ஆம்’ என்றால் சிவப்பு, ‘ஆம்’ அல்ல என்றால் பச்சை. ‘ஆம்’ அல்ல என்பதை அறிய, பைட்டின் கடைசி இலக்கமான பிட்டை மட்டும் புரட்டிப் போட்டால் போதும் என்று கம்பைலர் சிக்கனம் பிடித்திருந்தது. ஒன்றைப் புரட்டினால் பூச்சியம், பூச்சியத்தைப் புரட்டினால் ஒன்று. சரி. ஆனால் இரண்டைப் புரட்டினால், இயந்திரத்தின் கணக்கில் 10 என்பது 11 ஆகி, மூன்று. பூச்சியம் அல்லாத எதுவும் ‘ஆம்’ என்பதுதான் விளக்குக்குத் தெரிந்த கணக்கு. ஆகவே ஆபத்தும் ஆம், ஆபத்தில்லை என்பதும் ஆம். பச்சை எரிந்தால் ஊதாதே என்று சங்குக்குச் சொல்லியிருந்தபடியால் சங்கும் சொன்ன சொல் கேட்டது.

“அப்ப அந்தச் சுருக்கிற வேலையை நிப்பாட்டிவிடும்” என்றார் ரிஷிகேசன்.

“நிப்பாட்டினா சிப்பில அடங்காது.”

“பெரிய சிப் போடுவம்.”

“பலகையையே திரும்பச் செய்யவேணும் அண்ணை. அதுக்கும் தேவையில்லை. வாற பைட்டை வெறும் எண்ணா வாசிச்சு, பூச்சியமோ ஒண்டோ எண்டு பாத்துப்போட்டு, அதுக்குப் பிறகு ஆம்-இல்லை வகைக்கு மாத்தினாச் சரி. எண்ணுக்கு எந்தப் பெறுமதியும் இருக்கலாம், அதால கேள்வியை வெட்ட அதுக்கு உரிமை இல்லை. நான் மாத்திட்டன். இப்ப வேலை செய்யுது.”

ரிஷிகேசன் கதிரையில் சாய்ந்தார். “மாத்திட்டீரா? பேந்தென்ன. முடிஞ்சுதே.”

“முடியேல்ல. மூண்டு வரியை எறிஞ்சிட்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லயே.”

“ஆர்?”

“கம்பைலர்.”

ரிஷிகேசன் கீபோர்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்கினார்.

வீட்டில் சுலக்சனுக்கும் சொன்னாள். அவன் குசினியில் மகளுக்குப் புட்டுப் பிசைந்து கொடுத்துக்கொண்டே கவனமாகக் கேட்டான். அவன் எப்போதும் கவனமாகத்தான் கேட்பான். கேட்டு முடித்ததும் நியாயமான ஒரு கேள்வி கேட்பான். அதுதான் தொல்லை.

“ஆம்-இல்லை வகை எண்டு சொன்னது ஆர்? நீங்கள்தானே, உங்கட நிரல்தானே?”

“அந்த மாதிரி நிரல்.”

“சரி, அந்த மாதிரி நிரல். ரெண்டே பெறுமதிதான் வரும் எண்டு அதுக்குச் சொல்லியாச்சு. பேந்து அதிட்டயே மூண்டாவது வந்தா என்ன செய்யிறது எண்டு கேட்டா, அது வராது எண்டுதானே நினைக்கும்?”

“நினைக்கட்டும். நினைச்சா நினைச்சதைச் சொல்லவேணும். ‘நீ எழுதின கேள்வி நடக்காத கேள்வி, எடுத்துப்போட்டன்’ எண்டு ஒரு வரி. ஒரேயொரு வரி. அதைக் கண்டிருந்தா நான் அண்டைக்கே பிடிச்சிருப்பன்.”

“சொல்லாமல் எடுக்கிறது பிழைதான்” என்றான் அவன். ஒத்துக்கொண்டதிலும் அவளுக்கு எரிச்சல் குறையவில்லை.

கம்பைலரை ஆக்குகிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்கள் குறைகளைக் கேட்டு விவாதிக்கிற பொது இணையத்தளம் ஒன்று உண்டு. துஷாந்தி நடந்ததை ஒளிக்காமல் அங்கே எழுதினாள். கடல், படகு, உப்பு, இரண்டு, இரண்டு விளக்கு எல்லாம். கடைசியில் தன்னுடைய வழக்கையும் வைத்தாள். கம்பைலர் தானே உண்டாக்கிய பெறுமதி என்றால் அந்த வகையை எவ்வளவும் நம்பட்டும். ஆனால் வெளியிலிருந்து வந்த பைட்டுகளுக்குப் பெயரை மட்டும் மாற்றி வைத்த இடத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அந்த வாசலில் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். வகைக்குப் பொருந்தாத பெறுமதி என்றால் அங்கேயே நிற்கலாம். நிற்க முடியாவிட்டால் இரண்டில் ஏதோ ஒன்று என்று தீர்மானித்துக்கொள்ளலாம். எதுவென்றாலும் பரவாயில்லை, ஆனால் எல்லா இடத்திலும் அந்த ஒன்றே இருக்க வேண்டும். ஒரு விளக்குக்கு ஆபத்து என்றும் மற்ற விளக்குக்கு ஆபத்தில்லை என்றும் சொல்லக்கூடாது. அதுவும் முடியாவிட்டால், மனிதர் எழுதிய சோதனையை எறியும்போது எறிந்தேன் என்றாவது சொல்லலாம்.

மறுமொழி கெதியாகவே வந்தது. எழுதியவர் மிக மரியாதையானவர். படகோட்டி தப்பியதில் மகிழ்ச்சி என்று தொடங்கினார். மொழியின் விதிப்படி, ஆம்-இல்லை வகையில் பொருந்தாத பெறுமதியை வைத்த கணத்திலேயே நிரல் பொருளற்றதாகிவிடுகிறது. அதன்பின் கம்பைலர் எதைச் செய்தாலும் தவறில்லை என்றார். எல்லா இடத்திலும் ஒன்றையே பிடித்துவைப்பதென்றால் பிழையில்லாத நிரல்களும் கொஞ்சம் மெதுவாகும் என்றார். எச்சரிக்கை கேட்டீர்கள்; ஒரு பெரிய நிரலில் கம்பைலர் இப்படி எறிகிற சோதனைகள் மலைபோல் இருக்கும், அநேகமானவை உண்மையிலேயே தேவையில்லாதவை, ஒவ்வொன்றுக்கும் எச்சரித்தால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்றார்.

கடைசி விசயம் நியாயமாக இருந்தது. அது நியாயமாக இருந்ததுதான் துஷாந்தியை இன்னும் வெப்பியாரப்படுத்தியது. முட்டாளோடு சண்டை பிடித்தால் தோற்றாலும் தூக்கம் வரும்.

மறுமொழியின் அடியில் அவர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இப்படியான பிழைகளை ஓடும்போதே பிடிக்கிற ஒரு சோதனை வசதி கம்பைலரிலேயே இருக்கிறதே, அதைப் போட்டுப் பார்த்தீர்களா?

அவள் போட்டுப் பார்த்ததில்லை. அதைப் போட்டால் நிரல் இரண்டு மடங்கு ஊதும், சிப்பில் நினைத்தும் பார்க்க முடியாது. அலுவலகக் கணினியில் போட்டு ஓடவிட்டு, இரண்டை அனுப்பினாள். உடனே திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது: இந்த இடத்தில் வாசித்த பெறுமதி இரண்டு, இந்த வகைக்கு அது பொருந்தாது. எந்தக் கோப்பு, எந்த வரி என்பதும் இருந்தது.

துஷாந்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“என்ன?” என்றார் ரிஷிகேசன்.

“இதுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணை” என்றாள். “எல்லாம் தெரியும். கேட்டாத்தான் சொல்லுமாம்.”

அந்தக் கிழமையே சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ரிஷிகேசன் தான் எழுதி வைத்திருந்ததைத் துஷாந்தியிடம் கொடுத்து, போய் வாசித்துவிட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் அதைப் படித்துப் பார்த்தாள். நீர் உட்புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு என்று இருந்தது. கடமையில் இருந்தவர் சிவப்பு விளக்கைக் கருத்தில் எடுத்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

சங்கக் கட்டிடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சுஹைரா தன்னுடைய மேசையில் இல்லாமல், ஓரத்தில் ஒரு கதிரையில், ஒருவரையும் பார்க்காமல் இருந்தாள். முத்தலிப் கையில் துணி சுற்றியிருந்தார்.

“இந்தப் பலகைக்கு நிரல் எழுதினது நான்” என்றாள் துஷாந்தி. “அண்டைக்குப் பெட்டியில இருந்து வந்த செய்தி கெட்டுப்போச்சு. கெட்ட செய்தி வந்தா மஞ்சள் எரியவேணும். எரியேல்ல. பலகை ஆபத்தெண்டும் சொல்லிச்சு, நலமெண்டும் சொல்லிச்சு. அப்பிடிச் சொல்லுற பலகையைப் பாத்து ஆராலயும் சரியா முடிவெடுக்க ஏலாது. சுஹைரா எங்களிட்டக் கேட்டவ. பச்சை எரிஞ்சாப் பிரச்சினை இல்லை எண்டு நாங்கள்தான் சொன்னது. அவவில பிழை இல்லை.”

பின்னாலிருந்து ஒருவர், “மஞ்சள் ஏன் எரியேல்ல?” என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினாள். எழுதியதை இயந்திரத்துக்கு மாற்றுகிற ஒன்று இருக்கிறது, அது தேவையில்லை என்று நினைத்து மஞ்சளுக்குரிய வரிகளை எடுத்துவிட்டது என்றாள்.

“ஆரைக் கேட்டு எடுத்தது?”

“ஒருத்தரையும் கேட்கேல்ல.”

“அதைச் செய்தவனுக்கு என்ன தண்டனை?” என்றார் முத்தலிப்.

“அது ஆள் இல்லை நானா.”

“ஆள் இல்லாட்டி அதைச் செய்த ஆள் ஒருவன் இருப்பானே.”

“இருக்கினம். கேட்டனான். விதிப்படி தங்களில பிழை இல்லையாம்.”

“உங்களிலயும் பிழை இல்லை, அவங்களிலயும் பிழை இல்லை” என்றார் முத்தலிப். “அப்ப நான்தான் சும்மா போய்க் கடல்ல கிடந்திருக்கிறன்.”

துஷாந்தி கணினியைத் திறந்தாள். புதிய பதிப்பை அவர்கள் கண்முன்னாலேயே பலகைக்கு ஏற்றினாள். கெட்ட பைட் ஒன்றை அனுப்பிக் காட்டினாள். மஞ்சள் எரிந்தது, சங்கு ஊதியது, வெளியில் நாய்கள் குரைத்தன. மஞ்சள் எரிந்தால் என்ன செய்வது என்று வாக்குவாதம் நடந்தது. கடைசியில், படகோடு கதைத்து நலமென்று தெரியும்வரை மஞ்சளையும் சிவப்பாகவே எடுப்பது என்று முடிவானது.

கூட்டம் கலைந்த பிறகு சுஹைரா வாசல்வரை வந்தாள். “மிஸ், உங்கட முதலாளி என்னட்டச் சொன்னதை நீங்க சபையில சொல்லுவீங்க எண்டு நான் நினைக்கேல்ல” என்றாள்.

“நானும் நினைக்கேல்ல” என்றாள் துஷாந்தி. “பஸ்ஸிலதான் நினைச்சனான்.”

ரிஷிகேசன் ஒரு நாள் முழுக்க அவளோடு கதைக்கவில்லை. அதற்கு மேல் கதைக்காமல் இருக்க அவராலும் முடியவில்லை. ஏனென்றால் புதிய பதிப்பை மற்றச் சங்கங்களின் பலகைகளுக்கும் ஏற்றியதும் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. குச்சவெளியில் மஞ்சள் எரிகிறது. வேறொரு படகுக்கும் மஞ்சள். நிலாவெளிப் பக்கத்துச் சங்கத்திலும் மஞ்சள். முன்பு சங்கு ஊதாமல் அமைதியாக இருந்த பலகைகளில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூத்தது.

“உம்முடைய திருத்தத்தால வந்த வினை” என்றார். “முந்தி ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப நாளுக்கு நாலு தரம் சங்கு. இந்த மஞ்சளைக் கொஞ்சம் குறைக்க ஏலாதா? ரெண்டு மூண்டு தரம் வந்தாத்தான் எரியிற மாதிரி?”

“முந்தியும் பிரச்சினை இருந்தது அண்ணை. சங்கு ஊதேல்ல, அவ்வளவுதான். நாலும் அஞ்சும் ஏழும் வந்து, ரெண்டு விளக்கும் ஒண்டா எரிஞ்சுகொண்டுதான் இருந்திருக்கு. சிவப்பில வயர் லூஸ் எண்டு எல்லாத்தையும் பச்சையா எடுத்திருக்கிறம்.”

“சனம் பயப்படுது.”

“பயப்படத்தான் வேணும். பெட்டிகளுக்குள்ள தண்ணி போகுது.”

மஞ்சள் காட்டிய பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அநேகமானவற்றில் அதே றப்பர் வளையம் வெடித்திருந்தது. அந்த வளையம் வெயிலுக்குத் தாங்காத சாமான் என்பது அப்போதுதான் வெளியில் வந்தது. ரிஷிகேசன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எல்லாப் பெட்டிக்கும் வேறு வளையம் போடச் சொன்னார். துஷாந்தி மறுபடி வயரும் திருப்புளியுமாகக் கரையோரம் திரிந்தாள். குச்சவெளி, நிலாவெளி, மறுபக்கம் மூதூர் என்று பஸ்ஸிலும் படகிலும் போய்ப் பெட்டி மாற்றினாள். போன இடமெல்லாம், “அந்த எறிஞ்சவன் பிடிபட்டானா?” என்று கேட்டார்கள். முத்தலிப் கதையைப் பரப்பிவிட்டிருந்தார். முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு, “இன்னும் இல்லை” என்று சொல்லப் பழகினாள்.

முத்தலிப் புதிய பெட்டியை வாங்கிப் பூட்டிக்கொண்டார். ஆனால் தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டாமல் அவர் இறங்குவதில்லை. “உங்கட பெட்டியில நம்பிக்கை இருக்கு தங்கச்சி” என்றார். “நடக்காது எண்டு அது முடிவெடுத்த மற்றச் சங்கதிகள்லதான் பயம்.”

மாரி தொடங்குகிற நாட்களில் ஒரு காலை, சுஹைரா தொலைபேசி எடுத்தாள். ஒரு படகுக்கு மஞ்சள் எரிந்திருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. முடிவானபடி உடனே இரண்டு படகுகளை அனுப்பியிருக்கிறார்கள். போனால், படகுக்காரர் நல்ல சுகமாக வலை இழுத்துக்கொண்டிருக்கிறார். பெட்டி மேல் நங்கூரத்தைப் போட்டு மூடியை நசுக்கியிருக்கிறார். வீணாக வந்தீர்கள், மீனையும் கலைத்துவிட்டீர்கள் என்று வந்தவர்களை ஏசியிருக்கிறார். கரைக்கு வந்து சுஹைராவையும் ஏசியிருக்கிறார்.

“என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டாள் துஷாந்தி.

“ஏசுங்க எண்டன்” என்றாள் சுஹைரா. “வந்து ஏசுற ஆள் எண்டா எனக்குக் காணும்.”

அந்த இணையத்தளத்தில் துஷாந்தி தொடங்கிய விவாதம் மூடப்படவில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் வந்து, எனக்கும் இப்படி நடந்தது என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு லிப்ட், ஒருவருக்கு மருந்து ஏற்றுகிற கருவி. ஒருவர், பெயர் மாற்றி வைக்கிற இடங்களில் மட்டும் எச்சரித்தால் மலைபோல் வராதே என்று எழுதினார். மரியாதையான அந்த மனிதர், அது யோசிக்கத்தக்கது என்று மறுமொழி போட்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவளுடைய போனுக்குத் தானாக அனுப்பப்பட்ட ஒரு செய்தி வந்தது. நீண்ட காலம் அசைவில்லாமல் கிடப்பதால், ஒருவரும் மறுக்காவிட்டால் இந்த விவாதம் மூடப்படும்.

“கேட்டாவது மூடுறான்கள்” என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். துஷாந்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் பெருவிரலால் மறுப்பை எழுதத் தொடங்கினாள். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. எழுதியதில் பாதி அழிந்துபோனது. அவள் முதலிலிருந்து எழுதினாள்.